மாப்பிள்ளைக்கு வயது அறுபது

எனக்கு அறுபது வயது இரண்டு முறை வந்தது. முதல் முறை, அரசாங்கக் கணக்கில். ஐந்து வயது நிறையாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்று தலைமையாசிரியர் சொன்னதும், என் அப்பா நின்ற இடத்திலேயே ஒரு ஜூன் மாதத் தேதியை யோசித்துச் சொல்லிவிட்டு வந்தாராம். அந்தத் தேதி சர்டிபிகேட்டில் ஏறி, பணிப்பதிவேட்டில் உட்கார்ந்து, கடைசியில் என்னை வீட்டுக்கும் அனுப்பிவைத்தது. 58 வயதிலேயே அனுப்பியிருப்பார்கள். 2020இல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், 2021இல் 60 ஆக்கினார்கள். அந்த இரண்டு வருஷத்துக்காக என்னைவிட அதிகமாக மகிழ்ந்தவள் என் மனைவி. 2025 ஜூன் 30ஆம் தேதி, மாலை போட்டு, சால்வை போர்த்தி, அலுவலக ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஜீப் தெருமுனை திரும்பும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாதகப்படி நான் பிறந்தது ஐப்பசி உத்திரம். ஆகவே இந்த நவம்பரில் இன்னொரு மாலை, திருக்கடையூரில். இரண்டு மாலைகளுக்கும் நடுவே எனக்கு வேலை எதுவும் இல்லாததால், மணிவிழா ஏற்பாடுகளை நானே முன்னின்று கவனிப்பதென்று முடிவு செய்தேன். வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் மட்டும் கேட்டுக்கொண்டா எல்லாம் செய்தேன்?

அறுபதுக்கு என்ன அப்படி விசேஷம் என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. நான் பிறந்த 1965இல் நடந்தது விசுவாவசு வருஷம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷமும் ஒரு சுற்று முடிந்து, 2025 சித்திரையில் மறுபடியும் விசுவாவசு பிறந்தது. குரு ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 வருஷம், சனிக்கு ஏறத்தாழ 30 வருஷம். குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, இருவரும் நான் பிறந்தபோது நின்ற இடத்துக்கே வந்து சேர அறுபது வருஷம் ஆகிறது. இதைத் தட்டில் இரண்டு எலுமிச்சம்பழத்தை நகர்த்தி நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“குருவும் சனியும் இத்தனை தூரம் நடந்திருக்குங்க. நீங்க அந்த நாற்காலிய விட்டு நகரல. பழத்தைக் குடுங்க, ரசத்துக்குப் பிழியணும்.”

சூரிய மண்டலம் அத்தோடு கலைந்தது.

அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். எந்த வேலையையும் ஒரு கோப்பு திறந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும். கடையில் போய் அட்டை வாங்கிவந்து, நாடா கோத்து, மேலே எழுதினேன்: ‘பொருள்: மணிவிழா – முன்னேற்பாடுகள் மேற்கொள்ளுதல் – தொடர்பாக. பார்வை: இல்லத்தரசி அவர்களின் வாய்மொழி அறிவுறுத்தல்.’ உள்ளே போக்குவரத்து, தங்குமிடம், உணவு, இதர இனங்கள் என்று நான்கு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பு அலுவலர். பெங்களூரிலிருக்கும் மகனுக்குப் போக்குவரத்து, கோயம்புத்தூரிலிருக்கும் மகளுக்கு உணவு. ஒருங்கிணைப்பு நான். இதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மகள் ஒரு கட்டைவிரல் போட்டாள். மகன் அதுவும் போடவில்லை. அடுத்த செய்தியாக என் அக்கா, அரிசியில் வண்டு வராமலிருக்க வசம்பு போடச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பினாள். அதற்கு எல்லோரும் பதில் போட்டார்கள்.

முதல் சிக்கல் தேதியிலேயே வந்தது. மணிவிழாவைப் பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்ய வேண்டும். நட்சத்திரம் இருபத்தேழு, ஐப்பசிக்கோ நாள் முப்பது. மாதத் தொடக்கத்தில் வரும் நட்சத்திரம் மாதக் கடைசியில் இன்னொரு தடவை தலைகாட்டும். இந்த ஐப்பசியில் உத்திரம் அக்டோபர் 19ஆம் தேதி ஒரு முறை, நவம்பர் 15ஆம் தேதி இன்னொரு முறை. முதலாவது, தீபாவளிக்கு முந்தின நாள். அன்றைக்குச் சொந்தக்காரர்களைத் திருக்கடையூருக்குக் கூப்பிட்டால் வாழ்த்துவதற்கு யாரும் வர மாட்டார்கள், வருகிறவர்களும் வாழ்த்த மாட்டார்கள். இரண்டாவது, சனிக்கிழமை, விடுமுறை. ஆனால் ஏகாதசி.

ஏகாதசியன்று ஒரு சோற்றுப் பருக்கைகூட வாயில் போடாத அத்தை ஒருத்தி எங்களுக்கு இருக்கிறாள். ஏகாதசி அல்லாத நாளில் அவள் சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்கு விரதத்தின் அவசியம் புரியும். “எனக்கென்னப்பா, நான் ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன். எல்லாரும் சாப்பிடுங்க, நான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றாள் போனில். அவள் பார்த்துக்கொண்டிருக்க யார் சாப்பிட முடியும்? வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொன்னால் திருக்கணிதம் வேறொன்று சொல்லாதா என்ற நம்பிக்கையில் இரண்டையும் வாங்கிவந்து புரட்டினேன். நாழிகையில்தான் வித்தியாசம், அத்தைக்கு விமோசனம் இல்லை. இதே திருக்கடையூரில்தான் அபிராமி பட்டர் தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சரபோஜி மன்னரிடம் சொல்ல, அம்பாள் நிலவையே வரவழைத்துக் காட்டினாள் என்பார்கள். அவர் பக்தர். எனக்காக ஒரு ஏகாதசியை ஒருநாள் தள்ளிவைக்க யாரும் முன்வரவில்லை.

அடுத்தது போக்குவரத்து. ரயிலில் முன்பதிவு செய்ய முன்பெல்லாம் 120 நாள் கிடைக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அறுபது என்ற எண் என்னைத் துரத்துகிறது என்று அப்போதே தோன்றியது. திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்கு எந்தெந்த ரயில், எத்தனை மணிக்கு, இறங்கி எந்தப் பஸ் என்று ஒரு முழு அட்டவணை தயாரித்துக் கோப்பில் சேர்த்தேன். அதில் கட்டம் போட்டு, சிவப்பு மையில் மாற்று ஏற்பாடும் எழுதியிருந்தேன். மகனை ராத்திரி போனில் பிடித்து விவரம் சொல்ல ஆரம்பித்தபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“அப்பா, வேன் சொல்லி ஒரு மாசம் ஆச்சுப்பா. அட்வான்ஸ் குடுத்தாச்சு. வீட்டு வாசல்ல ஏத்தி, ரூம் வாசல்ல இறக்கிடுவாங்க.”

“எனக்கு யாருமே சொல்லலையேடா?”

“அம்மாகிட்ட சொன்னேனே.”

அம்மாவிடம் சொன்னால் அரசிதழில் வெளியிட்ட மாதிரி. அதன் பிறகு எனக்குத் தனியாக நகல் வராது.

தங்குமிடமும் முடிந்திருந்தது, ஐயரையும் பேசி முடித்திருந்தார்கள். மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைச் சிவன் காலால் உதைத்த தலம் என்பதால், ஆயுளில் ஒரு கட்டத்தைத் தாண்டிய தம்பதிகளுக்கு அந்த ஊரே கல்யாண மண்டபமாக இருக்கிறது. அறுபதுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று பிராகாரம் முழுக்கக் கிழ மாப்பிள்ளைகள். மாலை, கலசம், நாதஸ்வரம், சாப்பாடு, வீடியோ எல்லாம் சேர்த்துப் பேக்கேஜ். கலசத்தின் எண்ணிக்கை ஏற ஏறத் தொகையும் ஏறும். “பதினாறு கலசம் போதுமே” என்றேன். “உங்களுக்குப் பதினாறு எப்படிங்க போதும்? அறுபத்து நாலு சொல்லியிருக்கு” என்றாள் மனைவி. என் பாவங்களுக்கு அவள் போட்டிருந்த மதிப்பீடு அப்போதுதான் தெரிந்தது.

அந்த அறுபத்து நான்கு கலசத் தண்ணீரும் சல்லடை வழியாக என் தலையில்தான் இறங்கும். மாதமோ ஐப்பசி, ஊரோ வடகிழக்குப் பருவமழை குடியிருக்கும் கடற்கரைப் பக்கம். அதே மயிலாடுதுறை மாவட்டத்தில், 2022 நவம்பரில், சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்தத் தகவலை வீட்டுக் கூட்டத்தில் வைத்தேன். மேலே வருணன், கீழே ஐயர் என்று இருவரும் ஒரே நேரத்தில் ஊற்றினால் என்ன செய்வது என்பது என் கேள்வி. மகள் அமைதியாக, “துண்டு நாலு எடுத்து வச்சிருக்கேன்பா” என்றாள். பேரிடர் மேலாண்மையில் என் பங்கு அத்தோடு முடிந்தது.

பத்திரிகையிலாவது என் கை இருக்கட்டும் என்று பார்த்தேன். மணிவிழாவுக்குப் பிள்ளைகள் பேரில்தான் அழைப்பு. ஆகவே வாசகம் அவர்களுடையது. புகைப்படம் மட்டும் என்னைக் கேட்டார்கள். 1993இல் திருச்சியில் எங்கள் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றைக் கொடுத்தேன். அடர்ந்த சுருள்முடி, கறுகறுவென்று மீசை. “அப்பா, பத்திரிகையப் பாத்துட்டு வர்றவங்க உங்களைத் தேடுவாங்க” என்றாள் மகள். பிறகு அவர்களே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் மனைவி சிரிக்கிறாள், நான் அவளுக்குப் பின்னால் காரை எங்கே நிறுத்தினோம் என்று யோசிக்கிறேன்.

படத்தைவிடப் பெரிய அதிர்ச்சி கடைசி வரியில் இருந்தது: ‘அன்பளிப்புகளை அன்புடன் தவிர்க்கவும்.’

இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. பரணில் ஏறி, எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்து வந்தேன். நீள நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி. உள்ளே என் பெரியப்பாவின் குண்டு எழுத்தில் ஊர், பெயர், தொகை. 11, 21, 51, பெரிய மனிதர்கள் 101. நடுநடுவே ‘எவர்சில்வர் குடம் 1’, ‘சுவர்க் கடிகாரம் 1’, மறுபடியும் ‘சுவர்க் கடிகாரம் 1’. எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வருஷம் எல்லோரும் எங்களுக்கு நேரத்தின் அருமையை உணர்த்த நினைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி, கொடுத்ததைக் கணக்காகத் திரும்ப வாங்குகிறார்கள். அது ஒரு நிதி நிறுவனத்துக்குச் சமம். அந்த ஒழுங்கைத்தான் என் மகன் ஒரே வரியில் ரத்து செய்திருந்தான்.

“இந்த முப்பத்திரண்டு வருஷத்துல நான் வைக்காத மொய்யாடா? இவங்கெல்லாம் எனக்கு வைக்க ஒரு சந்தர்ப்பம் வேண்டாமா?” என்று கேட்டேன். அன்றைக்குச் சவரன் மூவாயிரத்துச் சொச்சம். 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்போது 101 ரூபாய் வைத்தவர், தங்கக் கணக்கில் அந்த விலைக்கு ஏறத்தாழ 2,700 ரூபாய் வைத்ததற்குச் சமம். அந்தக் கணக்கில் எனக்கு வர வேண்டியதைத் தனித் தாளில் போட்டு, கூட்டி, அடிக்கோடிட்டு நீட்டினேன். மகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்போ இவங்க அன்னைக்கு வச்சதுக்கு நீங்க திருப்பி வச்சதையும் இதே தங்கக் கணக்குல கழிங்கப்பா” என்றான். கழித்துப் பார்த்தேன். நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தாளைக் கோப்பில் சேர்க்கவில்லை.

தங்கத்தின் பேச்சு எடுத்தது என் தப்பில்லை, ஆனால் பலன் என் தலையில்தான் விடிந்தது. இரண்டாவது தாலி வாங்க வேண்டும். நகைக்கடையில் விலைப்பலகை முன்னால் என் மனைவி கொஞ்ச நேரம் நின்றாள். “அன்னைக்கே ரெண்டு சவரன் கூடப் போட்டிருக்கலாம்ல?” என்றாள். 1993இல் போட்டிருக்க வேண்டியதை 2025இல் கேட்டால் எந்தக் கணவனிடமும் பதில் கிடையாது. பேச்சை மாற்றுவதற்காக, கூறைப் புடவைக்குப் பேர்போன கூறைநாடு மயிலாடுதுறை நகருக்குள்தான் இருக்கிறது, போகிற வழியில் அங்கேயே எடுத்துவிடலாம் என்று வரலாற்றோடு ஒரு யோசனை சொன்னேன். புடவை வாங்கி, ரவிக்கை தைத்து, குஞ்சம் கட்டி, பீரோவில் வைத்து இரண்டு வாரம் ஆகிவிட்டதாகத் தெரிந்தது.

வேறு யாரும் செய்ய முடியாத, எனக்கே எனக்கென்று மிச்சமிருந்த ஒரே வேலை, மணையில் உட்காருவது. சம்மணம் போட்டு இரண்டு மூன்று மணி நேரம். நாற்காலியிலேயே முப்பத்தைந்து வருஷம் அரசுப் பணி செய்த முழங்கால் இது. கூடத்தில் ஒரு பலகையைப் போட்டு ஒத்திகை பார்த்தேன். உட்காருவது எளிது, பூமியின் ஈர்ப்பு விசை ஒத்தாசை செய்கிறது. எழுந்திருப்பதில்தான் கலை இருக்கிறது. முதலில் இடது கையைத் தரையில் ஊன்றி, வலது முழங்காலை வெளியே எடுத்து, சுவரைப் பார்த்து ஒரு தடவை பெருமூச்சு விட்டு, சோபாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “அம்மா” என்று சொன்னால் பாதி எழுந்துவிடலாம். மீதிப் பாதிக்குப் பேத்தி வேண்டும். அவள் கைப்பேசியில் நேரம் குறித்து, “தாத்தா, நேத்தைவிட இன்னைக்கு லேட்” என்று அறிவித்தாள். மண்டபத்தில் சோபா இருக்குமா என்று விசாரிக்கச் சொல்லிக் கோப்பில் குறிப்பு எழுதினேன்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். கல்யாணமான நாளிலிருந்து என்னை “மாப்ளே” என்றுதான் கூப்பிடுவார். நடுவில் பல வருஷம் அந்தச் சொல் ஒட்டாமல்தான் இருந்தது, இப்போது மறுபடி பொருந்திவிட்டது. பிறந்த வீட்டுச் சீராகப் பட்டு வேட்டி கொண்டுவந்திருந்தார். நான் தரையில், ஒரு கால் மணைக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “அன்னைக்கும் இப்பிடித்தான் மாப்ளே, தாலி கட்டி முடிஞ்சதும் கால் மரத்துப்போச்சுன்னு நான்தான் தூக்கி விட்டேன்” என்றார். அதை நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை.

இனி ஏற்பாடுகளின் உண்மை நிலையைச் சொல்லிவிடுகிறேன். என் கோப்பில் இப்போது தடிமன் இருக்கிறது, நாடா இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது. அதிலிருந்து நிறைவேறிய இனம் ஒன்றுகூட இல்லை. நடந்த காரியமெல்லாம் வேறோர் ஆவணத்தின்படி நடந்திருக்கிறது. சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால், தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்களை ஓர் ஊசியில் குத்தி வைத்திருக்கிறாள் என் மனைவி. ஒரு தாளின் பின்பக்கத்தில் ‘வேன் – தம்பிக்கு 2 சீட் முன்னால், வாந்தி வரும்.’ இன்னொன்றில் ‘அத்தைக்கு வாழைப்பழம், பால் தனியா. துவாதசி காலைல இட்லி சீக்கிரம்.’ வேறொன்றில் ‘அக்காவுக்கு நீல அட்டைப் பை, பிங்க் வேணாம், போன தடவை கோவம்.’ முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம். பின்பக்கத்தில் மொத்தக் குடும்பத்தின் ஜாதகம். என் கோப்பில் நாற்பது பக்கத்துக்கு இல்லாத விஷயம், ஊசியில் குத்திய அந்தக் காகிதங்களில் இருந்தது. என் அலுவலகத்திலும் இப்படி ஓர் ஊசி இருந்திருந்தால் பல திட்டங்கள் முடிந்திருக்கும்.

கடைசித் தாளில் என் பெயர் இருப்பதைப் பார்த்ததும் ஆவலாகப் படித்தேன். ‘அவருக்கு – பிரஷர் மாத்திரை, ரெண்டாவது கண்ணாடி, முட்டித் தைலம். மணைக்குப் பக்கத்துல ஸ்டூல் சொல்லியாச்சு.’

1993இல் என் அப்பாவும் பெரியப்பாவும் ஓடியாடினார்கள். “நீ பேசாம உக்காருடா, மாப்பிள்ளைக்கு என்ன வேலை?” என்று என்னை ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். 2025இல் என் மகனும் மகளும் அதையே மரியாதையாகச் சொல்கிறார்கள். குருவும் சனியும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள், நானும் திரும்பிவிட்டேன். நடுவிலிருந்த முப்பத்திரண்டு வருஷமும் இந்த வீட்டை நடத்தியது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டே ஒருத்தி நடத்தியிருக்கிறாள்.

ஆகவே அறுபதை நெருங்குகிற ஆண்மக்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். நட்சத்திரத்தைச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டைத் தங்க விலையில் பெருக்கிப் பார்க்காதீர்கள். ஒரு வருஷம் முன்பிருந்தே தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஏற்பாடு செய்யும் ஆசை வந்தால் ஒரு கோப்பு திறந்துகொள்ளுங்கள், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, உங்களையும் ஓர் இடத்தில் உட்காரவைக்கும்.

நவம்பர் 15, சனிக்கிழமை, திருக்கடையூர். நீங்களும் அவசியம் வாருங்கள். அன்பளிப்பு வேண்டாம் என்று பத்திரிகையில் போட்டிருப்பது பிள்ளைகளின் கருத்து. மீறி எழுத நினைப்பவர்கள் மணைக்குப் பக்கத்தில் வந்தால் போதும். நான் அங்கே சும்மாதான் உட்கார்ந்திருப்பேன், நோட்டும் பேனாவும் வேட்டி மடிப்பில் இருக்கும்.